பன்னிரண்டாவது படம்

டீச்சரம்மா வந்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 2022 டிசம்பர். அப்பாவின் திதிக்காக ஊருக்குப் போயிருந்தேன். செட்டிகுளத்தில் விருந்தாளியாவது, வீட்டுக்காரனாவது... சும்மா உட்கார்ந்திருந்தால் கையில் வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார்கள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தேன்.

‘‘அழாதீங்க தம்பி, அதான் வந்துட்டேன்ல!’’ என்று சிரித்தார்.

அவர் எங்கேயும் பாடம் நடத்தியதில்லை. எங்கள் கணக்கு வாத்தியாரின் சம்சாரம் என்பதால் ஊர் கொடுத்த பட்டம்தான் டீச்சரம்மா. வாத்தியார் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது திருச்சியில் இளைய மகனோடு இருக்கிறார். அந்த மகனுக்குத்தான் கல்யாணம். பத்திரிகையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பழைய ஃப்ரேம் போட்ட படத்தை எடுத்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா எடுத்த படம்.

‘‘பொங்கல் கழிச்சு திருச்சி லூர்து மாதா கோயில்ல கல்யாணம். போட்டோ எடுக்கிற பசங்க, ‘அப்பா அம்மா படம் இருக்கா ஆன்ட்டி? அதே வாசல்ல, அதே மாதிரி நிக்கவச்சு எடுத்துரலாம்’னு கேட்டாங்க. அதான் வந்தேன். இதோட நெகட்டிவ் இருக்குமா தம்பி?’’

‘‘எதுக்கு டீச்சரம்மா நெகட்டிவ்? படமே இவ்வளவு நல்லா இருக்கே. இதை அப்படியே ஸ்கேன் பண்ணிக்கலாமே!’’

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘‘இது வேணாம். இதுக்கு முன்னால ஒண்ணு இருந்திருக்கும்ல... அது வேணும்.’’

வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ரகசியம் ஒன்று. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா செட்டிகுளத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு இருட்டறை. அவ்வளவுதான். எங்கள் ஊர் மலைக்கோயிலில் முருகன் கையில் கரும்போடு நிற்பார். அங்கே கல்யாணம் முடித்த ஜோடிகள் படியிறங்கி, வெயிலில் வேர்த்து, மாலை வாடிப்போய் நேராக எங்கள் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். அப்பா சீப்பும் பவுடரும் கொடுப்பார். பிறகு ஒரு திரைக்கு முன்னால் நிறுத்துவார்.

அந்தத் திரையை நான் மறக்கவே முடியாது. காடாத் துணியில் வரைந்தது. இரண்டு பக்கமும் பெரிய வெள்ளைக்காரத் தூண்கள். நடுவில் மேலே ஏறிப்போகும் மாடிப்படி. ஓரத்தில் ஒரு வெல்வெட் திரைச்சீலை, குஞ்சலத்தோடு. படியின் முடிவில் என்ன இருக்கிறது என்று வரைந்தவருக்கே தெரியாது போலிருக்கிறது. வெறும் நீல நிறத்தில் விட்டிருந்தார். சேற்றில் கால் வைத்து நாற்று நட்டவர்களும், வெங்காய வண்டி ஓட்டியவர்களும் அந்த அரண்மனையில் ஒரு நிமிஷம் ராஜா ராணியாக நின்றுவிட்டுப் போனார்கள்.

பின்னாளில் புகைப்பட வரலாறு பற்றிப் படித்தபோதுதான் அந்தத் தூண்களின் பூர்வீகம் தெரிந்தது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் ஸ்டூடியோக்களில், சாதாரணக் குமாஸ்தாவையும் இப்படித்தான் தூண், கைப்பிடிச் சுவர், திரைச்சீலை எல்லாம் வைத்துப் பிரபுவாக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் கப்பலேறி மதராஸ் வந்து, மதராஸிலிருந்து ஊர் ஊராக இறங்கி, கடைசியில் செட்டிகுளத்துக்கும் வந்திருக்கிறது.

1984 வைகாசியில்தான் அப்பாவுக்கு நிஜமான விக்டோரியா காலத்துத் தூண்களுக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. கணக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். ‘‘திருச்சியில பெரிய பெரிய ஸ்டூடியோ இருக்கே சார்?’’ என்றார் அப்பா. ‘‘இருக்கட்டும். நீங்க எடுத்தா எனக்குக் கூச்சமா இருக்காது’’ என்றார் வாத்தியார். வகுப்பில் பிரம்பைச் சுழற்றுகிற மனிதர் கூச்சம் என்று சொன்னது, ஏழாம் வகுப்புப் படித்த எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்போது எங்கள் ஊர் திருச்சி ஜில்லாதான். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். விடியற்காலை பாடாலூர் போய் பஸ் பிடித்தோம். அப்பாவின் தோளில் யாஷிகா கேமரா. என் தோளில் ஃபிளாஷுக்கான பேட்டரிப் பெட்டி. செங்கல் மாதிரி கனக்கும். சட்டைப் பையில் மூன்று ரோல் ‘இந்து’ ஃபிலிம். ஊட்டியில் இருந்த அரசாங்க ஃபிலிம் தொழிற்சாலையில் செய்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மூன்று ரோலுக்கு முப்பத்தாறு. ஒரு கல்யாணத்துக்கு முப்பத்தாறு படம் என்பது அன்றைக்கு ஆடம்பரம்.

திருச்சிக்காரர்களுக்கு லூர்து மாதா கோயிலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெப்பக்குளம் பக்கம் போகிற எவரும் அந்தக் கூர்கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. செயின்ட் ஜோசப் கல்லூரியோடு சேர்ந்த கோயில். 1890-களில் இயேசு சபைச் சாமியார்கள் கட்டியது. பிரான்ஸ் தேசத்து லூர்து நகரத்துக் கோயிலின் சாயல். விக்டோரியா ராணி உயிரோடு இருந்த காலம் அது. உலகம் பூராவும் வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் இந்த மாதிரி கூர்வளைவு வைத்த கோதிக் பாணிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் வாயைப் பிளந்தேன். அப்பா மட்டும் முகம் சுருங்கிப் போனார்.

‘‘என்னப்பா?’’

‘‘வெளிச்சம் இல்லடா.’’

நிறைய வெளிச்சம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. உயரத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். சிவப்பும் நீலமுமாக ஒளி மேலேயே மிதந்தது. அப்புறம்தான் விளக்கினார். அந்தக் கட்டடம் ஜெபத்துக்காகக் கட்டியது. வெளிச்சம் மேலே தங்கி, மனிதர்கள் நிற்கும் இடத்தில் ஒரு மங்கல் இருக்கிற மாதிரி. அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அது சொர்க்கம். நூற்றிருபத்தைந்து வேக ஃபிலிம் வைத்திருக்கிறவனுக்கு நரகம். ஃபிளாஷ் அடித்தால் அந்த உயரத்தில் எதிரொளிக்க ஒரு சுவரும் கிட்டே இல்லை. முகம் மட்டும் வெள்ளைக் காகிதமாகி, பின்னால் எல்லாம் கருங்குகையாகிவிடும். மணப்பெண்ணோ வெள்ளைப் பட்டு. பூசை வைக்கும் சாமியாரும் வெள்ளை அங்கி.

போதாக்குறைக்குப் பூசை ஆரம்பிக்கும் முன் சாமியார் அப்பாவை அழைத்து, மந்திரிக்கும்போதும் தாலி கட்டும்போதும் பீடத்துக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெபத்தின் நடுவே மின்னல் அடித்தால் யாருக்குத்தான் மனசு நிற்கும்?

அப்பா பெஞ்சின் முதுகில் கேமராவை ஊன்றினார். எட்டில் ஒரு பங்கு வினாடி திறந்து வைத்து எடுத்தார். யாஷிகாவில் மேலே குனிந்துதான் பார்க்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, கண்ணை அந்தச் சின்னக் கண்ணாடியில் பதித்து அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, பின்னால் இருந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டது: ‘‘ஒங்கப்பா ரொம்ப பக்தியோ?’’

அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் தெரிவார். பழகியவர்களுக்கே சமயத்தில் தடுமாறும். தாலி கட்டும்போது அப்பா தவறான பக்கம் நகர்ந்தார். திருத்திக்கொள்வதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

பூசை முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தபோது மூன்றாவது ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். பன்னிரண்டாவது. அதற்குள் வைகாசி வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரிய கதவு, கூர்வளைவு, இரண்டு பக்கமும் தூண்கள். அப்பா அந்த வாசலைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பதினைந்து வருஷமாகக் காடாத் துணியில் பார்த்தது, கல்லில் எழுந்து நிற்கிறது.

ஜோடியை நிறுத்தினார். பின்னுக்குப் போனார். முன்னுக்கு வந்தார். குனிந்தார். ‘‘சார், இங்க பாருங்க...’’

க்ளிக்.

இரண்டு நாள் கழித்து இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் மிதந்த காகிதத்தில் உருவம் மெல்ல எழுந்து வந்தது. முதலில் கதவு. பிறகு தூண்கள். பிறகு டீச்சரம்மாவின் நேரான பார்வை. கடைசியாக வாத்தியார். வாய் நிறையச் சிரிப்பு. கண் இரண்டும் மூடியிருந்தது.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கோயிலுக்குள் எடுத்தவை எல்லாம் மங்கல், அசைவு, இருட்டு. இரண்டு முகமும் தெளிவாக இருந்த ஒரே படம் இதுதான். கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் விக்டோரியா ராணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1840 பிப்ரவரி 10-ம் தேதி அவருக்குக் கல்யாணம். போட்டோ எடுக்கும் வித்தையை அதற்கு முந்தைய வருஷம்தான் பாரீஸில் உலகத்துக்கு அறிவித்திருந்தார்கள். ராணி கல்யாணத்துக்குக் கேமரா வரவில்லை. ஓர் ஓவியர் வரைந்ததோடு சரி. பிறகு 1854-ல் ரோஜர் ஃபென்டன் என்பவர் ராணியையும் ஆல்பர்ட்டையும் அரசவை உடையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். ராணி வெள்ளை உடையில், தலையில் பூவோடு இருப்பதால், அதைத்தான் ராணியின் கல்யாணப் படம் என்று இன்று வரைக்கும் பல பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பதினாலு வருஷம் தள்ளி எடுத்த படம். அதற்குள் அவருக்கு எட்டுப் பிள்ளைகள்!

நம் திருச்சிக்கும் ஒரு கதை இருக்கிறது. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காகத் திருச்சி மலைக்கோட்டையைப் படம் எடுத்தார். அந்தக் கால ரசாயனத்தில் ஆகாயம் ஒன்றுமில்லாத வெள்ளையாகத்தான் விழும். மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. காகித நெகட்டிவில் தானே பிரஷ்ஷால் மேகங்களை வரைந்துவிட்டார். இன்றைக்கு உலக மியூசியங்களில் இருக்கும் அவருடைய படங்களில் நாம் பார்க்கிற மேகங்களில் பல, ஒருநாளும் மழை பெய்யாத மேகங்கள்.

அப்பாவுக்கு ட்ரைப்பைத் தெரியாது. ஆனால் அவர் செய்ததும் அதுதான்.

படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டார். பூதக்கண்ணாடியைக் கட்டை மேல் நிறுத்தினார். ஒற்றை மயிர் பிரஷ், கறுப்பு மை. மூன்று ராத்திரி உட்கார்ந்து வாத்தியாரின் மூடிய இமைகளின் மேல் கண்களை வரைந்தார். முதல் நாள் வரைந்தது பொம்மைக் கண் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டார். இரண்டாம் நாள் என்னை எழுப்பி, ‘‘கண்ணாடியை எடுத்துட்டு வா. ஆடாமப் பிடி’’ என்றார். தன் கண்ணைப் பார்த்தார். பிரஷ்ஷைத் தொட்டார். மறுபடியும் பார்த்தார். நான் தூக்கத்தில் சாய்ந்தால் முட்டியில் ஒரு தட்டு.

அந்தப் பிரின்ட்டை மறுபடி கேமராவில் எடுத்து, புது நெகட்டிவ் செய்து, அதிலிருந்து போட்டதுதான் டீச்சரம்மா துண்டில் சுற்றிக்கொண்டு வந்த படம். வாத்தியார் அன்றைக்கு அதை வாங்கிப் பார்த்து, ‘‘பிரமாதம்ங்க’’ என்றார். ஆல்பத்துக்கெல்லாம் காசு வாங்கிய அப்பா, அந்த ஒரு படத்துக்கு மட்டும் வாங்கவில்லை. ‘‘இது என்னோட அன்பளிப்பு சார்’’ என்றார். என்னிடம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நானும் சொல்லவில்லை. அப்பா 2006-ல் போய்ச்சேர்ந்தார். ஸ்டூடியோ அதற்கு முன்பே போய்விட்டது. திரையை எலி கடித்தது. நெகட்டிவ்கள் மட்டும் பிஸ்கட் டின்களில், வெண்ணெய்த்தாள் உறைகளில், வருஷம் எழுதி, பரணில் இருந்தன.

டீச்சரம்மாவைக் காபி சாப்பிடச் சொல்லிவிட்டுப் பரணில் ஏறினேன். பாதி உறைகள் ஒட்டிப்போயிருந்தன. பூஞ்சை. 1984 டின்னின் அடியில் அப்பாவின் கையெழுத்தில் ‘கணக்கு சார் – லூர்து கோயில்’. பிரித்தேன். சதுரமாக இரண்டு நெகட்டிவ்கள், ஒரே உறைக்குள். இரண்டையும் அவர் தூக்கிப் போடவில்லை.

டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, செல்போனில் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினேன். இருட்டறையில் பத்து நிமிஷம் எடுக்கும் காரியம் இரண்டு தட்டில் முடிந்தது. டீச்சரம்மாவிடம் நீட்டினேன்.

போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

‘‘இதான் தம்பி. இதான் அவரு. சிரிச்சார்னா கண்ணு ரெண்டும் மூடிக்கும். கண்ணைத் தொறந்துகிட்டு அவரால சிரிக்கவே முடியாது. சாகிற வரைக்கும் அப்படித்தான்.’’

‘‘அப்போ... உங்களுக்கு முதல்லேயே தெரியுமா?’’

‘‘கட்டினவளுக்குத் தெரியாதா? கொடுத்த அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டேன். இவருகிட்ட கேட்டேன். ‘தெரியும், சும்மா இரு. மனுஷன் மூணு நாள் தூங்கலை போலருக்கு, கண்ணு செவந்து கெடக்கு. நல்லா இல்லைன்னு சொன்னா தாங்க மாட்டாரு’ன்னாரு. முப்பத்தெட்டு வருஷம் ஹால்ல மாட்டிவச்சிருந்தோம்.’’

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா வாத்தியாரிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தனக்குத் தெரியும் என்பதை அப்பாவிடமிருந்து மறைத்திருக்கிறார். இரண்டு பேரும் அதே தெருவில் இருபது வருஷம் எதிரெதிரே வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

டீச்சரம்மா கிளம்பும்போது ஃப்ரேம் போட்ட படத்தைத் திண்ணையிலேயே வைத்தார்.

‘‘இதை நீங்க வச்சுக்கங்க தம்பி.’’

‘‘ஐயோ, உங்க கல்யாணப் படம்...’’

‘‘எனக்கு அது போதும். இது...’’ என்று நிறுத்திவிட்டு, ‘‘நல்லாப் பாருங்க, தெரியும்’’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் கல்யாணத்துக்குப் போனேன். அதே கோயில், அதே ஜன்னல்கள், அதே மங்கல். கேமராக்காரர்கள் நாலு பேர். ஒருவரும் ஃபிளாஷ் வைத்திருக்கவில்லை. தேவையே இல்லை. இன்றைய கேமராவுக்கு அந்த இருட்டு ஒரு பொருட்டே இல்லை. தூணோரமாகப் பூனை மாதிரி சத்தமில்லாமல் நடந்து எடுத்தார்கள். அப்பா இருந்திருந்தால் அந்தப் பையன்களின் கேமராவைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்த்திருப்பார்.

வாசலுக்கு வந்தார்கள். டீச்சரம்மாவின் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் மாப்பிள்ளை பெண்ணை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். கதவு சரி. வளைவு சரி. தூண் சரி. மாப்பிள்ளை சிரித்தான். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான்.

‘‘அண்ணா, கண்ணு மூடுது, கண்ணு மூடுது!’’ என்று கத்தினான் பையன். பிறகு தானே, ‘‘பரவாயில்ல, ஒரு செகண்டுக்கு இருபது படம் விழுது. தொறந்தது ஒண்ணாச்சும் இருக்கும். இல்லாட்டி கம்ப்யூட்டர்ல தொறந்துக்கலாம்’’ என்றான்.

டீச்சரம்மா அவன் அருகில் போய்ச் சொன்னார்: ‘‘தம்பி, மூடினது ஒண்ணை அழிக்காம எனக்குக் குடுத்துருங்க.’’

அவன் புரியாமல் தலையாட்டினான். கொடுத்தானா என்று தெரியவில்லை. கொடுத்திருப்பான்.

சென்னை வந்து ஃப்ரேமைத் துடைத்து ஹாலில் மாட்டினேன். போட்டோகிராபர் வீட்டில் போட்டோகிராபரின் படம் இருக்காது. அப்பா விஷயத்திலும் அப்படித்தான். ஓட்டர் கார்டில் ஒரு கலங்கல் படம். அதை வைத்துப் பெரிது பண்ணி மாலை போட்ட படத்தில், மூக்கும் மீசையும் இருக்கிறதே தவிர கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்தான்.

‘‘யாருங்க இவங்க? நம்ம வீட்ல எதுக்கு மாட்டுறீங்க?’’ என்றாள் மனைவி.

‘‘எங்க ஊர் கணக்கு வாத்தியார்’’ என்று சொல்லிக்கொண்டே, ஆணியில் ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று ஒரு எட்டு தள்ளி நின்று பார்த்தேன்.

லூர்து மாதா கோயில் வாசலில் வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத இரண்டு கண்கள், தூக்கமில்லாமல், ‘ஆடாமப் பிடி’ என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.